குழாய்த் தண்ணீர் பட்டால் கண்ணுக்கு ஆபத்து!
மெல்லிய "லென்ஸ்" போடுகிறவர்களே, உஷார்!
கிழியாமல், கெடாமல் காப்பது எப்படி?

கோட்டூர்புரம்:-

காலை 8 மணிக்கு கோட்டூர்புரம் பறக்கும் ரெயில் நிலையத்தில் கூட்டம் இறங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறவர்கள், ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் என்று பல தரப்பினர். இளம் வயதினர் பலருடைய முகத்தில் மூக்குக் கண்ணாடி இல்லை. "எல்லாருக்கும் நல்ல பார்வை போலிருக்கிறது" என்று நினைத்துவிட வேண்டாம். சிலருடைய கண்ணாடி கண்ணுக்குள்ளேயே இருக்கிறது!

அதுதான் "காண்டாக்ட் லென்ஸ்". அதிலும் இப்போது பெரும்பாலோர் போடுவது "சாப்ட் லென்ஸ்" என்கிற மெல்லிய வகை. விரல் நுனியில் வைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். குறுக்களவு சுமார் 14 மில்லி மீட்டர். நடுப்பகுதியின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் லென்ஸ். வேலைக்கு "இண்டர்வியூ" என்றால் லென்ஸ். விளையாட்டு மைதானத்துக்கும் லென்ஸ். போடுவதற்கு இருக்கிற ஆசை, அதைப் பராமரிப்பதில் மட்டும் பலருக்கு இருப்பதில்லை. அங்கேதான் வருகிறது வினை!

"ராத்திரி அப்படியே தூங்கிட்டேன்"

பல வீடுகளில் காலையில் நடக்கிற பேச்சு இது:

"என்னடி, கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி செவந்து கெடக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. படிச்சுக்கிட்டே லென்ஸோட தூங்கிட்டேன்."

"குழாய்த் தண்ணியில நல்லா கழுவிட்டுப் போடு, சரியாப் போயிடும்."

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. மகள் செய்தது ஒன்று. அம்மா சொன்னது இன்னொன்று. இரண்டில் எது பெரிய தப்பு என்று பட்டிமன்றமே நடத்தலாம். ஏன் தப்பு என்று தெரிந்துகொள்ள, முதலில் இந்த லென்ஸ் என்ன சாமான் என்று பார்க்க வேண்டும்.

சைக்கிள் டைனமோவில் பிறந்தது!

மெல்லிய லென்ஸைக் கண்டுபிடித்தவர் கண் டாக்டர் அல்ல. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ரசாயன விஞ்ஞானி ஆட்டோ விக்டர்லே. அவரும் அவருடன் வேலை பார்த்த டிராகோஸ்லாவ் லிம் என்பவரும் தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிற ஒருவகை பிளாஸ்டிக்கை உருவாக்கினார்கள்.

1961-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். பிராக் நகரில் தன் வீட்டிலேயே விக்டர்லே வேலையில் இறங்கினார். பிள்ளைகள் விளையாடும் "மெக்கானோ" மாதிரியான இரும்புத் துண்டுகள், ஒரு சைக்கிள் டைனமோ, இவற்றை வைத்தே ஒரு எந்திரம் செய்தார். சுழலும் அச்சில் திரவத்தை ஊற்றி, முதல் நான்கு லென்ஸ்களை வார்த்து எடுத்தார். மனைவியும் கூடமாட உதவினார்.

அந்த உரிமை பிறகு அமெரிக்காவுக்குப் போயிற்று. 1971-ம் ஆண்டு "பாஷ் அண்ட் லோம்ப்" கம்பெனி, அமெரிக்க அரசின் அனுமதியோடு அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் கெட்டியான லென்ஸ். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். மெல்லிய லென்ஸ் வந்த பிறகுதான் சாதாரண ஜனங்களும் தைரியமாகப் போட ஆரம்பித்தார்கள்.

பஞ்சு மாதிரி உறிஞ்சும்!

இந்த லென்ஸின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றேதான். அது தண்ணீரை உறிஞ்சும். பழைய வகை லென்ஸிலேயே 100-க்கு 38 பங்கு தண்ணீர். சில வகைகளில் 70 பங்குக்கும் மேல். அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது.

தண்ணீர் வற்றினால் என்ன ஆகும்? காய்ந்த அப்பளம்தான்! விறைத்துப்போய், தொட்டால் நொறுங்கும். வாஷ்பேசின் ஓரத்தில் விழுந்து காய்ந்த லென்ஸை மருந்துத் திரவத்தில் ஊறப்போட்டால் பழைய வடிவம் திரும்பலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறலும் அழுக்கும் அதில் இருக்கும். அதை எறிந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

தண்ணீரை மட்டும் உறிஞ்சினால் பரவாயில்லை. கையில் இருக்கிற மிளகாய்க் காரம், எண்ணெய்ப் பிசுக்கு, கொசு மருந்து ஸ்பிரே, தலைக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாவற்றையும் அது வாங்கி வைத்துக் கொள்ளும். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு லென்ஸைத் தொட்டால், காரம் மணிக்கணக்கில் கண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணைப் பரிசோதிக்க டாக்டர் விடும் மஞ்சள் நிறச் சொட்டு மருந்து பட்டால் லென்ஸே மஞ்சளாகிவிடும். கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து விட்டாலும் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் விட வேண்டும். 15 நிமிடமாவது கழித்துத் திரும்பப் போடலாம். லென்ஸின் மேலேயே விடுவதற்கென்று தனியாக உள்ள ஈரச் சொட்டு மருந்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது.

தண்ணீருக்குள் ஒரு எதிரி

"குழாய்த் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது? குடிக்கிறோமே!" என்று சிலர் கேட்பார்கள்.

குடிப்பது வேறு, கண்ணில் விடுவது வேறு. குழாய், கிணறு, மாடித் தொட்டி, லாரித் தண்ணீர், நீச்சல் குளம் எல்லாவற்றிலும் "அகாந்தமீபா" என்கிற நுண்ணுயிர் இருக்கலாம். தனக்குச் சூழ்நிலை சரியில்லை என்றால் இது ஒரு கெட்டியான கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். தண்ணீரில் போடுகிற குளோரினுக்கு எல்லாம் லேசில் மசியாது.

கண்ணின் கருவிழிக்குள் இது புகுந்துவிட்டால் வலி உயிர் போகும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். சிலருக்குக் கருவிழி மாற்று ஆபரேஷன் வரை போய்விடும்.

1980-களின் மத்தியில் அமெரிக்காவில் லென்ஸ் போட்டவர்களிடையே இந்த நோய் திடீரென்று தலைதூக்கியது. விசாரித்துப் பார்த்தபோது, பலர் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் திரவம் தயாரித்தது தெரிய வந்தது. காசு மிச்சம் பிடிக்கப் போய், கண்ணுக்கு உலை வைத்துக் கொண்டார்கள்!

நம் ஊர் சங்கதி இன்னும் கவனிக்க வேண்டியது. லென்ஸே போடாதவர்களுக்கும் இந்த நோய் வந்திருப்பதை மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நிபுணர்கள் கண்டறிந்து 1990-ம் ஆண்டு உலகுக்குச் சொன்னார்கள். மண்ணும் அழுக்குத் தண்ணீரும் கண்ணில் பட்டதே வினையாகிவிட்டது. லென்ஸ் போடாதவருக்கே இந்தக் கதி என்றால், அந்தத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கருவிழியின் மேலேயே ஒட்டிக் கிடக்கிற லென்ஸைப் போட்டவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இன்னொன்று. கண்ணீரில் உப்பு உண்டு, குழாய்த் தண்ணீரில் அந்த அளவு கிடையாது. அதனால் வெறும் தண்ணீர் பட்டதும் லென்ஸ் உப்பி, கருவிழியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் கண்ணும் சேர்ந்து புண்ணாகும். ஆகவே லென்ஸோடு குளிக்கக் கூடாது. நீந்தக் கூடாது. தண்ணீர் இல்லாத அவசரத்தில் எச்சிலைத் தொட்டு நனைக்கவும் கூடாது. வாயில் உள்ள கிருமி அவ்வளவும் கண்ணுக்குப் போகும்.

தூக்கம் தரும் ஆபத்து

கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. அது காற்றில் உள்ள பிராண வாயுவைக் கண்ணீர் வழியாக வாங்கித்தான் உயிர் வாழ்கிறது. லென்ஸ் போட்டால் பாதி ஜன்னலை மூடிய மாதிரி. அதோடு தூங்கினால், இமை என்கிற கதவையும் சேர்த்து மூடிய மாதிரி. மூச்சுத் திணறும் கருவிழியில் கிருமி சுலபமாகப் புகுந்துவிடும்.

1989-ம் ஆண்டு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் எடுத்த கணக்கு ஒன்று வெளியாயிற்று. பகலில் மட்டும் போடும் மெல்லிய லென்ஸ்காரர்களில் ஆண்டுக்கு 10 ஆயிரம் பேரில் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. தூக்கத்திலும் போடக்கூடிய லென்ஸ் அணிந்தவர்களில் அது சுமார் 21 பேர். ஐந்து மடங்கு!

அதற்குப் பிறகு, பிராண வாயுவை அதிகம் உள்ளே விடும் "சிலிகான் ஹைட்ரோஜெல்" லென்ஸ்கள் வந்துவிட்டன. என்றாலும் தூங்கும்போது கழற்று என்ற விதி மாறவில்லை. ரெயிலில் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

மிச்சம் பிடித்ததால் வந்த வினை

லென்ஸை ஊறப்போடும் மருந்துத் திரவத்தைப் பலர் தினமும் மாற்றுவதில்லை. "நேத்து ஊத்தினதுதானே, இன்னிக்குக் கொஞ்சம் மேல ஊத்திக்கலாம்" என்பார்கள். காபி டிகாஷனுக்கு வேண்டுமானால் அது சரிப்படும். கண்ணுக்குச் சரிப்படாது.

2006-ம் ஆண்டு நடந்தது இதற்குப் பாடம். சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் போட்டவர்களுக்கு "புசேரியம்" என்கிற பூஞ்சைக் காளான் கருவிழியைத் தாக்கியது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு நோய் உறுதியாயிற்று. அவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கருவிழி மாற்று ஆபரேஷன் தேவைப்பட்டது. விசாரணையில் "ரெனு வித் மாய்ஸ்சர்லாக்" என்ற திரவத்தின் பெயர் அடிபட்டது. அந்த ஆண்டு மே மாதம் உலகம் முழுவதும் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. பழைய திரவத்தின் மேலேயே புதியதை ஊற்றிப் பயன்படுத்தியதும் ஆபத்தைக் கூட்டும் பழக்கம் என்று அப்போது எச்சரிக்கப்பட்டது.

தினமும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுவது ஒன்றே வழி. அட்டையில் போட்டிருக்கும் தேதி முடிந்தால் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தாலும் குப்பைக்குத்தான். பாட்டிலைத் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வைப்பது நல்லது. ஊருக்குப் போகிறோம் என்று சின்ன பாட்டிலில் மாற்றி ஊற்றக் கூடாது.

போடுவதும் கழற்றுவதும்

* முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத சுத்தமான துணியில் துடைக்க வேண்டும். லென்ஸைத் தொடும் கையில் ஈரம் இருக்கக் கூடாது.

* நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். லென்ஸ் கிழிவதற்கு முதல் காரணம் நகம்தான். விரலின் சதைப் பகுதியால் மட்டும் தொட வேண்டும். புது லென்ஸ் உறையோடு ஒட்டிக் கிடந்தால் சுரண்டக் கூடாது. திரவத்தோடு சேர்த்து உள்ளங்கையில் கவிழ்த்துக் கொள்ளலாம்.

* எப்போதும் வலது கண்ணிலேயே ஆரம்பிக்க வேண்டும். பழக்கமாகிவிட்டால் இடது, வலது மாறாது.

* உள்பக்கம் வெளிப்பக்கம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் வைத்தால் கிண்ணம் மாதிரி நின்றால் சரி. ஓரம் தாம்பாளம் மாதிரி வெளியே விரிந்தால் தலைகீழ். லேசாக மடித்துப் பார்த்தால் சோமாசி மாதிரி ஓரம் ஒன்றோடொன்று சேர வேண்டும்.

* ஓரத்தில் துளி கிழிசல் இருந்தாலும் போடக் கூடாது. "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்றால், அந்த ஒரு நாளில் கருவிழி கீறிவிடும்.

* கண் மை, பவுடர் எல்லாம் லென்ஸ் போட்ட பிறகு. ராத்திரி முதலில் லென்ஸைக் கழற்ற வேண்டும், பிறகுதான் மையைத் துடைக்க வேண்டும். சாம்பிராணிப் புகை போடும் நேரத்தில் தள்ளி நிற்பது நல்லது.

* கழற்றும்போது மேலே பார்த்து, லென்ஸை வெள்ளை விழிக்கு இறக்கி, இரு விரல் சதையால் மெதுவாக எடுக்க வேண்டும். காய்ந்து ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. லென்ஸுக்கான ஈரச் சொட்டு மருந்து விட்டு, சில நிமிடம் கண்ணைச் சிமிட்டினால் தானே நகரும்.

* கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, மருந்துத் திரவம் விட்டு, இரண்டு பக்கமும் விரலால் மெதுவாகத் தேய்த்து அலச வேண்டும். "தேய்க்கத் தேவையில்லை" என்று அட்டையில் போட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது. கண்ணீரில் உள்ள புரதச் சத்து லென்ஸில் வெள்ளையாகப் படியும். அது தேய்த்தால்தான் போகும்.

* ஓரங்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. திரவத்தில் ஊறவிட்டு மெல்லத் தேய்த்தால் தானே பிரியும்.

* டப்பாவில் வைக்கும்போது லென்ஸ் அடியில் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். ஓரத்தில் ஒட்டியிருந்தால் மூடி திருகும்போது நசுங்கிக் கிழியும்.

* காலையில் டப்பாவைக் காலி செய்து, மருந்துத் திரவத்தாலேயே அலசி, சுத்தமான தாளில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு புது டப்பா. கக்கூஸ் பக்கம் வைக்கவே கூடாது.

"மாத லென்ஸ்" என்றால் உறையைத் திறந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் கணக்கு. "நடுவில் பத்து நாள் போடவில்லை" என்று நாளைக் கூட்டிக்கொள்ள முடியாது. தினமும் புதியது போட்டு எறியும் வகையும் உண்டு. செலவு கூடுதல், ஆனால் டப்பாவும் வேண்டாம், திரவமும் வேண்டாம். அதையே கழுவி மறுநாளும் போடுகிறவர்கள் உண்டு. அவர்களை என்ன சொல்ல!

நூலகத்தில் படிப்பவர்கள் கவனிக்க...

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி திறக்கப்பட்டது. போட்டிப் பரீட்சை எழுதுகிற வாலிபர்களும் இளம்பெண்களும் இங்கே நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்கிறார்கள். குளுகுளு அறையில் காற்று வறண்டு இருக்கும். உற்றுப் படிக்கும்போதும் கம்ப்யூட்டர், செல்போன் பார்க்கும்போதும் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். சிமிட்டாத கண்ணில் லென்ஸ் காயும்.

அடிக்கடி கண்ணைச் சிமிட்ட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை தூரத்தில் பார்க்க வேண்டும். முழு நாள் படிப்பு என்றால் மூக்குக் கண்ணாடியே உத்தமம். பரீட்சை ஹாலில் யாரும் அழகைப் பார்த்து மார்க் போடுவதில்லை!

ஸ்கூட்டரில் போகிறவர்கள் லென்ஸுக்கு மேலே சாதாரண கண்ணாடி ஒன்று மாட்டிக் கொள்ளலாம். தூசி லென்ஸுக்கு அடியில் போனால் கருவிழியைக் கீறிவிடும். லென்ஸ் போடுகிற எவரும் பையில் பவர் கண்ணாடி ஒன்றை வைத்திருப்பது அவசியம்.

இதெல்லாம் வதந்தி!

"லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும்" என்பது கட்டுக்கதை. இமைக்கு உள்ளே இருக்கும் சவ்வு மடிந்து பாதையை அடைத்திருக்கிறது. லென்ஸ் மேல் இமைக்கு அடியில் ஒதுங்கலாம். அதற்கு மேல் போக வழி இல்லை.

"அடுப்புச் சூட்டில் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிவிடும்" என்பதும் கதைதான். ஆனால் எண்ணெய் தெறிக்கும் இடத்திலும், பட்டாசு வெடிக்கும் இடத்திலும் கண்ணுக்குப் பாதுகாப்பு எல்லாருக்கும் வேண்டும்.

"பவர் இல்லாத கலர் லென்ஸ்தானே, யாரிடம் வாங்கினால் என்ன?" என்பது இவற்றில் எல்லாம் மோசமான பேச்சு. பவர் இல்லாவிட்டாலும் அதுவும் கண்ணில்தான் உட்காருகிறது. கண்ணின் அளவு பார்க்காமல் வாங்கக் கூடாது. தோழிகள் ஒருத்தர் லென்ஸை ஒருத்தர் மாற்றிப் போட்டுப் பார்ப்பது அதைவிட மோசம்.

நடிகைகளும் இதற்கு விலக்கு அல்ல. 2024-ம் ஆண்டு ஜூலையில் டெல்லியில் ஒரு நிகழ்ச்சிக்கு லென்ஸ் போட்டுச் சென்ற இந்தி டி.வி. நடிகை ஜாஸ்மின் பாசின், கண்ணில் வலி எடுத்துப் பார்வை தெரியாமல் அவதிப்பட்டார். கருவிழி பாதிக்கப்பட்டு இரு கண்ணிலும் கட்டுப் போட வேண்டி வந்ததாக அவரே பேட்டியில் சொன்னார்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே லென்ஸைக் கழற்ற வேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.

மருந்துக் கடையில் போய், "அண்ணே, கண்ணு செவப்புக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கி விடுவதுதான் பெரிய ஆபத்து. அதில் "ஸ்டீராய்டு" கலந்திருந்தால் சிவப்பு குறைந்த மாதிரி இருக்கும். உள்ளே கிருமி கும்மாளம் போடும். ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் வரும்போது புண் ஆழமாகியிருக்கும்.

"மெட்ராஸ் ஐ" வந்தாலும் லென்ஸை நிறுத்த வேண்டும். குணமான பிறகு பழைய லென்ஸையும் டப்பாவையும் எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

கண் வைத்தியத்தில் சென்னைக்கு நல்ல பேர் உண்டு. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-ம் ஆண்டு சங்கர நேத்ராலயாவை ஆரம்பித்தார். நுங்கம்பாக்கத்தில் அது நடக்கிறது. கண் அளவு பார்த்து லென்ஸ் கொடுக்கவும், போடக் கழற்றக் கற்றுக் கொடுக்கவும் படித்த "ஆப்டோமெட்ரிஸ்ட்"கள் நகரில் இருக்கிறார்கள். கோட்டூர்புரத்திலிருந்து எழும்பூருக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ போவது பெரிய தூரம் அல்ல.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. லென்ஸ் கிழிந்தால் கடையில் இன்னொன்று கிடைக்கும். கருவிழி கெட்டால், இறந்த ஒருவர் தானமாகக் கொடுத்த கண்ணுக்காகக் காத்திருக்க வேண்டும். ராத்திரி தூக்கம் கண்ணைச் சுற்றினாலும், ஐந்து நிமிடம் செலவழித்துக் கழற்றி, தேய்த்து, புதுத் திரவத்தில் போட்டுவிட்டுப் படுப்பதே நல்லது.